மூன்றாவது நிமிடத்து அடி முப்பதாவது நிமிடத்தில் வலிக்க வேண்டும்

ஜப்பானின் புரோரெஸ் (அங்கே தொழில்முறை ரெஸ்லிங்குக்குப் பெயர்), அமெரிக்கச் சிற்றரங்குகளின் ரெஸ்லிங் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில்கள்.

கேள்வி: 2017 ஜனவரி 4, டோக்கியோ டோம், நியூ ஜப்பான் நிறுவனத்தின் பட்டத்துக்காக ஒகாடா – ஒமேகா மோதல். உலகமே ஆறு நட்சத்திரம் என்று கொண்டாடுகிற மேட்ச். சென்ற இதழில் நீங்கள் மட்டும் "முதல் இருபது நிமிடம் இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை" என்று எழுதிவிட்டீர்கள். என்ன அடிப்படையில்?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

தம்பி, அந்த மேட்ச் எனக்குப் பிடிக்கும். முழுதாக நான்கு முறை பார்த்திருக்கிறேன். பிடித்ததால்தான் இவ்வளவு நுணுக்கிப் பார்க்கிறேன்.

மொத்தம் 46 நிமிடம் 45 விநாடி. முதல் பாதியில் இருவரும் பிடிகள் போடுகிறார்கள், கயிற்றுக்கு வெளியே இழுத்துப் போகிறார்கள், ஒருவரை ஒருவர் அளக்கிறார்கள். எல்லாமே சுத்தமான வேலை. ஆனால் அங்கே பட்ட அடிகளில் எத்தனை கடைசிப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தன? நான் தேடிப் பார்த்தேன். அநேகமாக எதுவும் வரவில்லை. ஒகாடா, ஒமேகாவைக் கயிற்றுக்கு மேலே தூக்கி வெளியே இருந்த மேசை மீது விழவைக்கிற இடத்திலிருந்துதான் அந்த மேட்ச் உண்மையில் ஆரம்பிக்கிறது. அதற்கப்புறம் நான் கண்ணை எடுக்கவில்லை.

அந்த மேட்ச்சின் பெரிய சாதனை என்று நான் நினைப்பது வேறு. ஒமேகாவின் கடைசி ஆயுதம் 'ஒன் விங்க்ட் ஏஞ்சல்', எதிரியைத் தோளில் ஏற்றித் தலைகுப்புற இறக்குகிற அடி. அன்று முழுக்க அதற்கு முயன்றுகொண்டே இருந்தார், ஒருமுறைகூட விழவில்லை. ஐந்து மாதம் கழித்து, ஜூன் 11 அன்று ஒசாகாவில் அது விழுந்தது. ஒகாடாவின் கால் கயிற்றில் பட்டதால், தோளை அழுத்தி மூன்று வரை எண்ணுகிற எண்ணிக்கை நின்றது. அந்த மேட்ச் 60 நிமிடமும் ஓடி டிராவானது. 2018 ஜூன் 9 அன்று, மூன்றில் இரண்டு சுற்று வெல்ல வேண்டிய மேட்ச்சில், அதே அடியால்தான் ஒமேகா பட்டத்தை வென்றார். ஒரே ஒரு அடியைச் சுற்றிப் பதினேழு மாதக் கதை பின்னியிருக்கிறார்கள். இந்தப் பொறுமையைப் பாராட்ட எந்த நட்சத்திரக் கணக்கும் போதாது.

நட்சத்திரம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கர் டேவ் மெல்ட்ஸர் தன் ரெஸ்லிங் அப்சர்வர் இதழில் ஐந்துக்கு இத்தனை என்று போட்டுவந்தார். 2017 ஜனவரியில் ஆறு, ஜூனில் ஆறே கால், 2018-இல் ஏழு என்று போனது. நான் போடுவதில்லை. சின்ன வயதில் ரெஸ்லிங் ட்ரம்ப் கார்டு சேர்த்தவன் நான். உயரம், எடை, மார்பளவு என்று எண்ணைச் சொல்லிச் சீட்டைப் பிடுங்குவோம். அதில் யாருடைய மேட்ச்சையும் நாங்கள் பார்க்கவில்லை. எண் வந்ததும் பார்ப்பது நின்றுவிடும்.

கேள்வி: யார் ஜெயிப்பார் என்று முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். அதற்கு விமர்சனம் எழுதுவது வீண்வேலை இல்லையா?
– ஆசிரியை, நாகர்கோவில்

டீச்சர், பாரதக் கூத்தில் படுகளத்தன்று துரியோதனன் சாகப்போகிறான் என்பது ஊருக்கே தெரியும். மண்ணில் அவன் உருவத்தைப் படுக்கவைத்த பிறகும் ஊர் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. எப்படிச் சாகிறான் என்று பார்க்கத்தான்.

முடிவு நிச்சயிக்கப்பட்டது என்பதாலேயே இதை விமர்சிக்க முடிகிறது. நிஜக் குத்துச்சண்டையில் ஒருவர் நான்காவது சுற்றில் சோர்ந்துபோனால் அவரைக் குறை சொல்ல முடியாது, உடம்பு அவ்வளவுதான். இங்கே சோர்வை எப்போது காட்டுவது, எவ்வளவு காட்டுவது என்பது இரண்டு கலைஞர்கள் எடுக்கிற முடிவு. எடுத்த முடிவு சரியா, தவறா என்று நாம் பேசலாம். அப்புறம், முடிவு முன்பே தெரியும் என்பதற்காக அந்தத் தரை மெத்தையாகிவிடாது. விழுகிற உடம்பு விழத்தான் செய்கிறது.

கேள்வி: 'செல்லிங்' என்ற சொல்லை அடிக்கடி எழுதுகிறீர்கள். வலிப்பது போல நடிப்பது, அவ்வளவுதானே?
– மெக்கானிக், கோவை

அது பாதிதான். வலியை நினைவில் வைத்திருப்பது மீதிப் பாதி. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய பாதி.

உதாரணம் சொல்கிறேன். 2017 பிப்ரவரி 5, சப்போரோ. ஒகாடாவை எதிர்த்து மினோரு சுசுகி. நாற்பது நிமிடத்துக்கு மேல் போன மேட்ச். சுசுகி ஒரே காலைப் பிடித்துக்கொண்டார். முழங்காலை முறுக்குவதும், விட்டு மறுபடி பிடிப்பதும்தான் அவர் வேலை. கடைசியில் வென்றது ஒகாடா. ஆனால் ஓட வேண்டிய இடத்தில் அவரால் ஓட முடியவில்லை. வழக்கமாக நிமிர்ந்து நிற்கிற இடத்தில் கால் மடங்குகிறது. வலியில் முகம் சுளிப்பதை யாரும் செய்வார்கள். எதைச் செய்ய முடியாமல் போகிறது என்று காட்டுவதுதான் கஷ்டம். பட்டறையில் உங்கள் கையில் அடிபட்டால் நீங்கள் கத்திக்கொண்டே இருக்க மாட்டீர்கள், ஸ்பானரை மற்றக் கைக்கு மாற்றுவீர்கள். நான் தேடுவது அந்தக் கை மாற்றத்தை.

இந்தக் கலையின் உச்சம் என்று நான் நம்புவது 1995 ஜூன் 9. டோக்கியோ நிப்பான் புடோகான் அரங்கம், ஆல் ஜப்பான் நிறுவனத்தின் ஜோடிப் பட்டம். மிட்சுஹாரு மிசாவாவும் கென்டா கோபாஷியும் ஒரு பக்கம், தோஷியாகி கவாடாவும் அகிரா டாவேயும் எதிர்ப்பக்கம். இந்த நால்வரைத்தான் அந்த நிறுவனத்தின் நான்கு தூண்கள் என்பார்கள். 42 நிமிடம் 37 விநாடி.

இதைப் பார்க்கும் முன் உங்களுக்குச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். கவாடாவும் மிசாவாவும் ஒரே உயர்நிலைப் பள்ளியில் மல்யுத்தம் கற்றவர்கள். மிசாவா மூத்தவர். ஜப்பானில் அந்த மூப்பு சாதாரணமானதல்ல, ஆயுளுக்கும் கூட வருவது. அதுவரை கவாடா ஒருமுறைகூட மிசாவாவைத் தோளோடு தரையில் அழுத்தி மூன்று எண்ண வைத்ததில்லை. முந்தைய ஆண்டு ஜூன் 3 அன்று இதே புடோகானில், கவாடா தன் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை ஆடியும் தோற்றார். அப்புறம் 1995 ஏப்ரலில் கவாடாவின் அடியில் மிசாவாவின் கண்குழி எலும்பு உடைந்தது. அந்த ஜூன் இரவு கோபாஷி ஒரு காலில் கனமான கட்டோடு வருகிறார்.

எதிரணி நேராக அந்தக் காலுக்குப் போகிறது, அப்புறம் அந்தக் கண்ணுக்கு. டாவே, மிசாவாவைக் கழுத்தைப் பிடித்து மேடை விளிம்பிலிருந்து கீழே எறிகிறார். இனிமேல் கோபாஷி ஒற்றைக் காலோடு தனியாகத் தாக்குப்பிடிக்க வேண்டும். அவரால் முடியாது என்று நமக்குத் தெரிகிறது, அவருக்கும் தெரிகிறது. கடைசிப் பகுதியில் மிசாவா எழ முடியாமல் கிடக்க, கோபாஷி ஊர்ந்து வந்து அவர் மீது படுத்துக்கொள்கிறார். அடிக்கவோ பிடிக்கவோ அவர் முயலவில்லை. தன் உடம்பால் நண்பனை மூடிக்கொள்கிறார், அவ்வளவே. கவாடா உதைக்கிறார். அவர் நகரவில்லை.

முடிவில் கவாடா பவர்பாம் போட்டு, அதாவது தூக்கி முதுகுபடத் தரையில் அடித்து, மிசாவாவை முதன்முறையாக வீழ்த்துகிறார். அரங்கம் கூரை பிய்கிற மாதிரி கத்துகிறது. நான் ஒவ்வொரு தடவையும் பார்ப்பது கோபாஷியின் கையை. மிசாவாவைத் தொடுவதற்காக நீண்டு, எட்டாமல் போன கை.

கேள்வி: தலைகுப்புற விழுகிற அடிகள்தான் ஜப்பான் ரெஸ்லிங்கின் சிறப்பு என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். நீங்கள் அதை ஏன் பாராட்டுவதே இல்லை?
– வாசகர், சென்னை பெரம்பூர்

ஒருகாலத்தில் மிக அதிகமாகப் பாராட்டினேன். அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

வேலைக்காக 2006-இல் டோக்கியோ போனேன். நிஷி கசாய் பகுதியில் ஐந்து வருடம். சுய்தோபாஷி ஸ்டேஷனில் இறங்கினால் கொராகுவென் ஹால். கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் ஓர் அரங்கம், அதிகம் போனால் இரண்டாயிரம் பேர். மாடிப்படிச் சுவர் முழுக்க ரசிகர்கள் கிறுக்கி வைத்திருப்பார்கள். மாதச் சம்பளத்தில் முதல் செலவு அந்த டிக்கெட்தான். என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. அதில் ஒவ்வொரு மேட்ச்சுக்கும் நேராக, எத்தனை தடவை தலையோ கழுத்தோ தரையில் பட்டது என்று கோடு போட்டு எண்ணி வைப்பேன். கோடு அதிகமென்றால் நல்ல மேட்ச். 1994-இல் மிசாவா கவாடாவை முடித்த 'டைகர் டிரைவர் 91' இருக்கிறதே, எதிரியின் இரு கைகளையும் பூட்டித் தலையை நேராகத் தரையில் இறக்குவது, அதை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தவன் நான்.

2007 டிசம்பர் 2 அன்று புடோகானில் மேல் அடுக்கில் இருந்தேன். சிறுநீரகப் புற்றுநோயிலிருந்து மீண்டு கோபாஷி ஒன்றரை வருடம் கழித்து வந்த இரவு. அவர் பெயரை அரங்கமே சேர்ந்து சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. எதிரே மிசாவா. வென்றதும் மிசாவா அணிதான். மீண்டு வந்தவருக்குப் பூச்செண்டு கொடுப்பது போல அவர்கள் ஆடவில்லை, முழு பலத்தோடு ஆடினார்கள். அன்று அதுதான் மரியாதை என்று தோன்றியது.

2009 ஜூன் 13, சனிக்கிழமை. ஹிரோஷிமாவில் நடந்த ஜோடி மேட்ச்சில் அகிதோஷி சைதோ போட்ட ஒரு பேக் டிராப்பில், பின்னாலிருந்து தூக்கிப் பின்பக்கமாகச் சாய்க்கிற அடியில், மிசாவா விழுந்தார். எழவில்லை. அன்றிரவே இறந்துபோனார். இன்னும் ஐந்து நாளில் 47 வயதாகியிருக்கும். தானே ஆரம்பித்த நோவா நிறுவனத்தின் தலைவர், அந்த வயதிலும் மேடையேறிக்கொண்டிருந்தார். எத்தனையோ ஆண்டுகளாக அவர் வாங்கிப் பழகிய அடிதான் அது, புதிதாக எதுவும் இல்லை. சைதோ மீது பழி சொல்ல ஒன்றுமில்லை. கழுத்துக்கு எல்லாம் முன்பே நடந்து முடிந்திருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

மறுநாள் காலை ஸ்டேஷன் கடையில் விளையாட்டுப் பத்திரிகைகளின் முதல் பக்கம் முழுக்க அவர் படம். எனக்கு ஜப்பானிய எழுத்து அவ்வளவாகப் படிக்க வராது. அவர் பெயரும் சாவைக் குறிக்கும் எழுத்தும் தெரிந்தன, அது போதுமானதாக இருந்தது. வீட்டுக்கு வந்து அந்த நோட்டைத் திறந்தேன். நான் போட்ட கோடுகளில் பாதி அவர் கழுத்து.

அதற்கப்புறம் நான் அப்படி எண்ணுவதில்லை. 2017 ஏப்ரல் 9, ரியோகோகு அரங்கில் ஒகாடாவுக்கு எதிராகக் கத்சுயோரி ஷிபாட்டா தன் நெற்றியால் முட்டிய சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். நெற்றியிலிருந்து ஒரு கோடு ரத்தம் வழியும். மேட்ச் முடிந்து உள்ளே போனவர் விழுந்துவிட்டார். மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு, அவசர அறுவை சிகிச்சை. மறுபடி மேடையில் ஆட நான்கு வருடத்துக்கு மேலானது. அந்த மேட்ச் முழுக்க அற்புதமான வேலை. ஆனால் அந்த முட்டலை நான் எந்த எழுத்திலும் புகழவில்லை, இனியும் புகழ மாட்டேன். அது இல்லாமலே அந்தக் கதை நின்றிருக்கும். உங்கள் நண்பர்களிடம் இதை மட்டும் கேளுங்கள்: அந்த அடியை எடுத்துவிட்டால் மேட்ச்சில் என்ன குறைகிறது? பெரும்பாலும் ஒன்றும் குறையாது.

கேள்வி: அமெரிக்க இண்டி (சிறு சுயேச்சை நிறுவன) மேட்ச்களில் எல்லாரும் பறக்கிறார்கள், ஆனால் பார்த்து முடித்ததும் ஒன்றும் மனதில் நிற்பதில்லை. கோளாறு என்னிடமா?
– வாசகர், புதுச்சேரி

உங்களிடம் இல்லை. முழுக்க அவர்களிடமும் இல்லை.

ஜப்பானில் ஒரு நிறுவனம் வாரக்கணக்கில் ஊர் ஊராகப் போகும். அதே இரண்டு பேர் பல இரவு மோதுவார்கள். ஒன்றை இன்று மறைத்து வைத்தால் அடுத்த மாதம் எடுக்கலாம். அமெரிக்காவின் சிறு நிறுவனங்களில் ஆடுகிறவருக்கு அந்த அடுத்த மாதம் உறுதியில்லை. சனிக்கிழமை ஒரு ஊர், ஞாயிறு இன்னொரு ஊர், இன்னொரு நிறுவனம். லாஸ் ஏஞ்சலிஸின் ரெஸீடாவில் பி.டபிள்யூ.ஜி. என்ற சிறு நிறுவனம் நடத்திய அரங்கம் முன்னாள் ராணுவத்தினர் சங்கக் கட்டடம்தான், சில நூறு பேர் நெருக்கியடித்து நிற்கும் இடம். அந்தச் சில நூறு பேரின் நினைவில் நிற்க இருபது நிமிடம்தான் கிடைக்கும். கையில் இருப்பதையெல்லாம் கொட்டுகிறார்கள். கொட்டினால் கதை எங்கே தங்கும்?

நான் கவனிக்கிற ஒரு விஷயம் சொல்கிறேன். ஒருவர் கயிற்றுக்கு மேல் பாயத் தயாராகும்போது கீழே இருப்பவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கையை விரித்து, பிடிப்பதற்குத் தயாராகக் காத்திருந்தால், அங்கே சண்டை நின்றுவிட்டது. இரண்டு விநாடிதான். ஆனால் அந்த இரண்டு விநாடியில் எதிரி கூட்டாளியாகிவிடுகிறார். எவ்வளவு உயரம் பறந்தாலும் அதை மறைக்க முடியாது.

இண்டியில் நின்று பேசிய மேட்ச் வேண்டுமென்றால் 2005 அக்டோபர் 1, நியூயார்க். ரிங் ஆஃப் ஆனர் நிறுவனத்தில் சமோவா ஜோவை எதிர்த்துக் கோபாஷி. அந்த நிறுவனம் 2002 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் ஆரம்பித்தபோதே மேட்ச்சுக்கு முன்னும் பின்னும் கைகுலுக்க வேண்டும் என்று விதி வைத்தது. ஜோவும் கோபாஷியும் அன்று பெரும்பாலும் செய்தது மார்பில் கையால் அறைந்துகொண்டதுதான். ஜோவின் மார்பு சிவந்து கன்றிப்போகிறது. பறப்பது கிட்டத்தட்ட இல்லை. ஆனால் ஜோ அந்த நிறுவனத்தில் யாருக்கும் பயப்படாதவர், அன்று ஒரு அறை வாங்கியதும் ஒரு கணம் யோசிக்கிறார். அந்த யோசனை போதும்.

இன்னொன்று. சிறு அரங்கில் ஆடுகிற இருபது வயதுப் பையன்களைக் கிழித்துத் தொங்கவிடாதீர்கள். கிடைக்கிற பணம் பெட்ரோலுக்கே சரியாகப் போகும். தவறிய அடியை நான் பெயர் சொல்லி எழுதுவதில்லை, தவறான முடிவை எழுதுவேன். கால் வழுக்குவது யாருக்கும் நடக்கும்.

கேள்வி: ஜப்பான் ரசிகர்கள் ஏன் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள்? மேட்ச் மோசமென்று அர்த்தமா?
– வாசகர், ஈரோடு

இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிடி இறுகும்போது கைதட்டல் மெல்ல வரும். மூன்று எண்ணும் முன் ஒருவர் தோளைத் தூக்கினால் கொராகுவெனில் காலால் தரையைத் தட்டுவார்கள், நாற்காலி அதிரும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று அறிவிப்பு வரும். அதைக் கேட்டால் அமைதியிலேயே ஒரு பதற்றம் ஏறும். 2020 முதல் கொரோனா காலத்தில் சத்தம் போடவே தடை இருந்தது, கைதட்டல் மட்டும். அந்தக் கால மேட்ச்களை ஒலிக்காகக் கழித்துப் பேசாதீர்கள்.

கேள்வி: பெண்கள் மேட்ச் பற்றி நீங்கள் எழுதியதே குறைவு.
– வாசகி, தஞ்சாவூர்

உண்மைதான், என் குறை அது. 1995 மே 7, கொராகுவெனில் மனாமி டொயோடாவும் கியோகோ இனோவேவும் 60 நிமிடம் ஆடி டிரா செய்தார்கள். டொயோடாவின் வேகம் வேறு யாருக்கும் கிடையாது. ஆனால் காலைப் பத்து நிமிடம் முறுக்கிய பிறகும் அதே வேகத்தில் ஓடுவார், அங்கே எனக்கு நூல் அறுந்துவிடும்.

நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது 1993 ஏப்ரல் 2, யோகோஹாமா. அகிரா ஹொகுடோவை எதிர்த்து ஷினோபு கண்டோரி. கண்டோரி ஜூடோவிலிருந்து வந்தவர், ஆரம்பத்திலேயே கையைப் பிடித்து முறுக்கிவிடுகிறார். ஹொகுடோ முகமெல்லாம் ரத்தம். அவர் 1987-இல் ஒரு மேட்ச்சில் கழுத்து உடைந்தும், தலையைக் கையால் தாங்கிக்கொண்டு முடித்தவர். அதையும் நான் கொண்டாடச் சொல்லவில்லை. யோகோஹாமாவில் அவர் காட்டிய கோபத்தைப் பாருங்கள். கடைசியில் இருவரும் ஒருவரை ஒருவர் குத்தி விழ, ஹொகுடோ எதிரியின் மேலே சரிந்து வெல்கிறார். வென்றது போலவே இருக்காது, மிஞ்சியது போலத்தான் இருக்கும்.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. ரத்தம் இல்லாமல் அவளோடு பார்க்க ஒரு மேட்ச் சொல்லுங்கள்.
– அப்பா, காரைக்குடி

1981 ஏப்ரல் 23, டோக்கியோ குராமாயே அரங்கம். முதலாம் டைகர் மாஸ்க்கின் முதல் மேட்ச். கார்ட்டூனில் வந்த புலி முகமூடி வீரனை நிஜத்தில் கொண்டுவந்தார்கள். முகமூடிக்குள் இருந்தவர் சதோரு சயாமா, எதிரே இங்கிலாந்தின் டைனமைட் கிட். பெரியவர்களுக்கு ஆரம்பத்தில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது, அரங்கில் சிரிப்பு கேட்கும். சயாமா சுழன்று கால் வீசியதும் அந்தச் சிரிப்பு எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், பள்ளிக்கூட நாள் இரவிலும் பார்க்கலாம்.

டைனமைட் கிட் அந்த வேகத்துக்குக் கொடுத்த விலை பெரியது, பிற்காலம் சக்கர நாற்காலியில் கழிந்தது. அதை அவளுக்கு இப்போது சொல்ல வேண்டாம், நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பார்த்து முடித்ததும் அவள் யார் பக்கம் இருந்தாள் என்று எழுதுங்கள். என் மகள் முகமூடிக்காரர் பக்கம் இல்லை.